இலையின் பெயரும் இலையின் பொருளும்

பச்சைமலையின் கிழக்கு அடிவாரத்திலிருந்து, வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக விரிந்து கிடக்கும் நிலப்பரப்பை இன்று பெரம்பலூர், அரியலூர் என இரு மாவட்டங்களாக வழங்குகிறோம். நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்களாக இருந்த ஊர்கள் இவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. கோடுகள் எத்தனை முறை மாறினாலும் மண் மாறவில்லை. மானாவாரிக் காட்டின் ஓரங்களில் ஆவாரை பூத்து நிற்கும். வேலியோரத்தில் ஆடாதோடை தழைத்திருக்கும். மழைக்குப் பிறகு வரப்புகளில் கீழாநெல்லி தலைகாட்டும். மலையடிவாரப் புதர்களில் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்திருக்கும். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வாழும் நம்மவர் வீடுகளில், இருமலுக்கும் காமாலைக்கும் எந்த இலையைப் பறித்து வர வேண்டும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோர் பலர்.

பாட்டியார் தம் கையால் பறித்த இலையில் ஐயத்துக்கு இடமில்லை. செடியைக் கண்டார், முகர்ந்தார், பறித்தார். அந்த இலை உலர்ந்து மூட்டையாகி, தரகர் கைமாறி, தூளாகிப் புட்டியில் அடைபட்டு நாட்டு மருந்துக் கடைக்கு வந்த பின்பு, நம் கைக்கு வருவது உண்மையில் என்ன? இலையா, இலையின் பெயரா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு ஒன்று தமிழகத்திலேயே உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பவர்களுள் ஒருவர் சென்னை முஸ்லிம் மருத்துவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

அவருக்கு முன்பு நடந்ததைச் சிறிது காண்போம். பெரம்பலூரிலிருந்து வடக்கே செல்வோர் கண்ணில் படுவது ரஞ்சன்குடிக் கோட்டை. அதனை அடுத்த வாலிகண்டபுரத்தில் இருந்துகொண்டுதான் 1670களில் பீஜப்பூர் சுல்தானின் சார்பில் ஷேர்கான் லோதி இப்பகுதியை ஆண்டார். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்ற இடங்கொடுத்தவரும் அவரே. 1751இல் சந்தா சாகிபும் முகம்மதலியும் ஆர்க்காட்டு நவாபு பதவிக்குப் போராடியபோது, இக்கோட்டையின் அருகில்தான் இரு தரப்புப் படைகளும் மோதின. கோட்டைத் தலைவர் எந்தப் பக்கமும் சேராமல் நாள் கடத்தினார். முகம்மதலிக்குத் துணையாக வந்த ஆங்கிலேயர் படை கலைந்து திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கியது. போர்க்கதை நமக்கு இங்கு வேண்டியதில்லை. அந்த முகம்மதலி நவாபாக நிலைபெற்ற பின்பு செய்த செயல் ஒன்றே வேண்டும். 1774இல் அவர் தம் பணியில் ஓர் இயற்கை நூலாரை அமர்த்திக்கொண்டார். யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் அவர், செடிகளுக்கு இருசொல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் என்பாரின் மாணவர். தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்தவர். தென்னாட்டுச் செடிகள் பல உலகத் தாவர நூல்களில் இடம்பெற்றது அவர் முயற்சியால்தான்.

ஆயின் கோனிக் கொண்டுபோன பெயர்கள் இலத்தீன் பெயர்கள். திருவல்லிக்கேணி ஹகீமுக்கும், பெரம்பலூர் வைத்தியருக்கும், மூலிகை பறிக்கும் மலைவாழ் மக்களுக்கும் அவை பயன்படவில்லை. ஹகீம் அரபியிலும் பார்சியிலும் எழுதினார். வைத்தியர் தமிழில் எழுதினார். கடைக்காரர் தம் வழக்கில் ஒரு பெயர் வைத்திருந்தார். ஒரு பெயருக்கு மூன்று செடிகளும், ஒரு செடிக்கு ஏழு பெயர்களுமாக நாடெங்கும் குழப்பம் நிலவியது. வடநாட்டில் சிலர் பிரமி என்று வல்லாரையைக் கொடுப்பர். வேறு சிலர் நீர்ப்பிரமியைக் கொடுப்பர். நிலவேம்பு என்ற பெயரே நம் நாட்டு நிலவேம்புக்கும் இமயமலைச் சரிவில் விளையும் சிரட்டைக்கும் பொதுவாய் வழங்கிவிட்டது. இரண்டும் கசக்கும், இரண்டும் காய்ச்சலுக்கு ஆகும் என்பது தவிர அவற்றுக்குள் உறவே இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உட்கார்ந்தவர்தான் மூதீன் ஷெரீப். கான்பகதூர் பட்டம் பெற்ற இவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். திருவல்லிக்கேணி மருந்தகத்தின் பொறுப்பை வகித்தவர். ஆங்கில நூல்கள் மூதீன் என்று எழுதும் பெயர் நம் முகைதீன் என்பதன் திரிபாகவே இருக்கும் என்பது எம் கருத்து. 1868இல் எட்வர்ட் வேரிங் என்பார் இந்திய மருந்து நூலைத் தொகுத்து வெளியிட்டார். அந்நூலில் ஷெரீபின் அனுபவக் குறிப்புகள் பலவிடங்களில் எடுத்தாளப்பட்டுள்ளன. மறு ஆண்டு, 1869இல், அம்மருந்து நூலுக்குத் துணைநூலாக ஷெரீப் எழுதிய பெயர்த் தொகுதி சென்னையில் வெளிவந்தது. அரபி, பார்சி, தக்கனி, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், வங்காளி முதலிய பல மொழிகளில் ஒவ்வொரு மருந்துப் பொருளும் எப்பெயரால் வழங்குகிறது என்பதை வரிசைப்படுத்தி, அதனைச் சரியான இலத்தீன் பெயரோடு பிணைத்துக் கொடுத்த நூல் அது.

பெயர்ப் பட்டியல்தானே என்று எளிதாய்ச் சொல்லிவிடலாம். மருத்துவருக்கு அது உயிர்நிலை. யூனானி நூலில் உள்ள ஒரு பெயரைக் கேட்டுக் கடைக்காரர் எடுத்துத் தருவது அதே பொருள்தானா என்று அறிய அதுவரை வழியில்லை. ஷெரீப் ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதியவர் அல்லர். கடைப் பொருளையும் கண்டு, தம் நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பலனையும் கண்டு எழுதியவர். அவருடைய பெருநூலாகிய சென்னை மருந்துப் பொருள் நூல், அவர் மறைவுக்குப் பின்பு 1891இல் அச்சேறியது. அதனைத் திருத்தி நிறைவு செய்து பதிப்பித்தவர் டேவிட் ஹூப்பர் என்னும் ஆங்கிலேய இரசாயனர். பெயரை ஆராய்ந்த முஸ்லிம் மருத்துவரின் ஏடு, பொருளை ஆராய்ந்த இரசாயனரின் கைக்குச் சென்று சேர்ந்ததை நாம் பொருள் பொதிந்த நிகழ்ச்சியாகவே கருதுகிறோம்.

மருந்தைச் சோதித்தல் நம் முன்னோர்க்குப் புதிதன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். இஸ்லாமிய நகரங்களில் அங்காடியைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அல்-ஷைஸரி, அவ்வதிகாரிகளுக்காக எழுதிய கையேட்டில் மருந்து விற்போருக்கெனத் தனிப்பகுதி உண்டு. அபினியில் காட்டு லெட்டூஸ் இலைச் சாறும் பிசினும் கலக்கப்படுவதை எடுத்துக் கூறி, நீரில் கரைத்து மணத்தாலும் சுவையாலும் நிறத்தாலும் அக்கலப்பைக் கண்டுபிடிக்கும் வழியையும் அவர் வகுத்துள்ளார். கருவி மூக்கும் நாக்கும்தான். ஆயினும் பெயரை நம்பாதே, பொருளைச் சோதி என்ற எண்ணம் அங்கே முழுமையாக இருக்கிறது.

ஹூப்பர் உதகமண்டலத்தில் சென்னை அரசின் கொய்னா ஆய்வாளராகப் பணியாற்றியவர். சிங்கோனா மரப்பட்டையில் கொய்னா எத்தனை விழுக்காடு உள்ளது என்று அளந்து சொல்வது அவர் அலுவல். பட்டை பார்வைக்கு எப்படி இருந்தாலும் இலண்டன் சந்தையில் விலை அந்த விழுக்காட்டையே பொறுத்தது. தரம் என்றால் உள்ளிருக்கும் பொருளின் அளவு என்னும் பாடம் மலேரியாக் காய்ச்சலின் புண்ணியத்தால் வந்தது எனலாம். அதே கண்ணோடு ஹூப்பர் நம் நாட்டு இலைகளையும் பார்த்தார். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைப் போட்டது போல் இருக்கும். இதனை நம் நாட்டார் என்றோ அறிவர். 1887இல் ஹூப்பர் அவ்விலையிலிருந்து இந்தக் குணத்துக்குக் காரணமான அமிலத்தைப் பிரித்து, அதற்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். மறு ஆண்டு ஆடாதோடை இலையிலிருந்து வாசிசின் என்னும் காரப்பொருளைப் பிரித்தெடுத்தார்.

ஆடாதோடையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆடு தொடாத இலை என்று பெயருக்குப் பொருள் கூறுவர். பெரம்பலூர்ப் பக்கத்து வேலிகளில் இது நிலைத்திருப்பதற்கும் அதுவே காரணம். ஹூப்பர் கண்ட வாசிசின் பின்னாளில் ஐரோப்பிய இரசாயனர் கையில் மாற்றம் பெற்று, 1960களில் புரோம்ஹெக்சின் என்னும் செயற்கை மருந்தாயிற்று. இன்று சளி இருமலுக்கு மருத்துவர் எழுதித் தரும் பல கலவைகளில் புரோம்ஹெக்சினோ, அதிலிருந்து பிறந்த அம்ப்ராக்சோலோ இருப்பதைப் புட்டியின் மேலட்டையில் காணலாம். வீட்டுப் பாட்டியின் கஷாயமும் ஆங்கில மருந்துக் கடைப் புட்டியும் ஒரே இலையின் வழித்தோன்றல்கள்! அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலும் உடையது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கருவுற்ற பெண்கள் ஆடாதோடையை மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பார் பேச்சை இந்த ஓர் இலையே மறுத்துவிடும்.

இந்த இலையிலும் கலப்பு நேர்கிறது. உலர்ந்த பெருமரத்து இலை இதனோடு சேர்க்கப்படுவது மருந்தியல் நூல்களில் பதிவான செய்தி. உலர்ந்து நொறுங்கிய பின்பு கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. நுண்ணோக்காடியில் வைத்தால் உண்மை வெளிப்படும். ஆடாதோடையின் ஒவ்வோர் இலைத்துளையையும் இரண்டு அணுக்கள் குறுக்கே அணைத்து நிற்கும். இலைத் தசைக்குள் சுண்ணாம்பாலான சிறு கற்கள் பதிந்திருக்கும். தூளாக அரைத்தாலும் இவ்வடையாளங்கள் முற்றும் அழிவதில்லை. நிலவேம்பும் இதே குடும்பத்துச் செடியாதலால் அதன் இலையிலும் இத்தகைய சுண்ணக் கற்கள் உண்டு. கசப்பு ஒன்றை மட்டும் நம்பி வேறு இலையை நிலவேம்பு என்று விற்பவர் இதனை அறியார்.

நுண்ணோக்காடி இலை யாருடையது என்று சொல்லும். அதில் மருந்துப்பொருள் எவ்வளவு என்று சொல்லாது. முதிர்ந்த இலைக்கும் இளம் இலைக்கும், ஒரு பருவத்து இலைக்கும் மறு பருவத்து இலைக்கும், நிழலில் உலர்த்தியதற்கும் வெயிலில் காய்ந்ததற்கும் அளவு வேறுபடும். அதனை அறியும் வழி பிறந்ததும் இலையிலிருந்துதான். ருஷ்யத் தாவரநூலார் மிகாயில் த்ஸ்வெத், பச்சை இலையின் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மேலிருந்து வடியவிட்டார். பச்சை ஒன்றாகத் தோன்றியது பச்சையும் மஞ்சளுமாகப் பல வளையங்களாய்ப் பிரிந்து நின்றது. 1903இல் வார்சாவில் இம்முறையை விளக்கிய அவர், 1906இல் இதற்கு நிறப்பிரிகை என்னும் பொருளுடைய பெயரையும் சூட்டினார். அவர் குழாயில் நிரப்பிய சுண்ணாம்புத் தூள், அரியலூர் மண்ணைத் தோண்டினால் பாறை பாறையாகக் கிடைக்கும் அதே பொருள்தான். பின்னர் 1938இல் கார்க்கோவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபெர் என்னும் இருவர் குழாயை விட்டுக் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய பூச்சுப் பூசி, அதில் ஒரு துளி மூலிகைச் சாற்றை வைத்துப் பிரித்துப் பார்த்தனர். மருந்துக் கடைச் சாறுகள் உண்மையானவையா என்று சோதிப்பதற்காகவே அவர்கள் இதனைக் கண்டனர். இன்று மூலிகை ஆய்வுக்கூடங்களில் நடைபெறும் மெல்லேட்டு நிறப்பிரிகைக்கு மூலம் அதுவே. உண்மையான இலைச்சாற்றையும் ஐயத்துக்குரிய சாற்றையும் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டால், பட்டைகள் ஒத்துப் போகின்றனவா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். பட்டையின் அடர்த்தியைக் கருவியால் அளந்தால் பொருளின் அளவும் தெரியும்.

அரியலூரைப் பற்றிப் பேசும்போது சாம்பல் சோதனையை விட்டுவிட முடியாது. இது மிக எளிய சோதனை. நிறுத்த இலைத்தூளை எரித்துச் சாம்பலாக்கி மீண்டும் நிறுப்பர். ஒவ்வோர் இலைக்கும் இவ்வளவுக்கு மேல் சாம்பல் இருத்தலாகாது என்று மருந்து நூல் வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு மீறினால் மண்ணோ தூசியோ சேர்ந்திருக்கிறது என்பது பொருள். அச்சாம்பலை அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும், மணல் கரையாது எஞ்சும். அரியலூரின் நிலத்தடியில் உள்ள சுண்ணாம்புப் பாறை, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்ததன் எச்சம். சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கும் அப்பாறைகளைத் தேடிப் புவியியலார் பல நாடுகளிலிருந்து வருகின்றனர். அதே பாறையை நம்பிச் சிமெண்டு ஆலைகள் பல அங்கே எழுந்துள்ளன. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே லாரிகள் ஓடும் சாலையோரச் செடிகள் வெண்ணிறமாய் நிற்பதை அவ்வழியே செல்வோர் காண்பர். அத்தகைய சாலையோரத்தில் பறித்த இலையில் சாம்பல் கூடுதலாக இருப்பின் வியப்பில்லை. அது பறித்தவர் செய்த கலப்படமும் அன்று. அவர் இடமறிந்து பறிக்கவில்லை, அவ்வளவே. சாம்பல் மட்டுமன்றி நச்சு உலோகங்களுக்கும் வரம்பு உண்டு. பத்து இலட்சம் பங்கு இலையில் ஈயம் 10 பங்குக்கும், காட்மியம் 0.3 பங்குக்கும் மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் குறித்த அளவு. மண்ணும் காற்றும் இலையின் தரத்தில் பங்கு கொள்கின்றன என்பதை இந்த எண்கள் உணர்த்தும்.

இனிக் கீழாநெல்லி. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினரும், மஞ்சள்காமாலை வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து எழுதிய ஆய்வு, இலண்டன் லான்செட் இதழில் வெளிவந்தது. பி வகை வைரஸை உடலில் தாங்கியிருந்தோருள் 37 பேருக்குக் கீழாநெல்லித் தூள் 30 நாள் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் தூள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. தமிழகமே மகிழ்ந்தது. ஆயின் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிட்டவில்லை. ஏன் என்ற கேள்விக்குக் கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று, எல்லோரும் பயன்படுத்தியது ஒரே கீழாநெல்லி அன்று என்பது. ஒன்றுபோல் தோன்றும் பல சிறுசெடிகள் அக்குலத்தில் உண்டு. ஒரே இனமே மண்ணுக்கு மண் உட்பொருளில் வேறுபடும். 2010இல் வெளிவந்த ஆய்வொன்று தென்னிந்தியக் கடைகள் 25இல் வாங்கிய சரக்கைச் சோதித்தது. நூற்றுக்கு 76 கடைகளில் சரியான இனம் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. எஞ்சிய 24இல் அதன் உறவுச் செடிகள் ஐந்து காணப்பட்டன. நான்கில் மூன்று சரி என்று ஆறுதல் கொள்வோரும் உளர். காமாலையோடு குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அந்த நான்காவது கடையே கவலை. கீழாநெல்லி அந்த வைரஸைப் போக்கும் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை என்பதையும், காமாலை கண்டால் இரத்தச் சோதனை செய்து மருத்துவரைக் காண்பதே முறை என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

சட்டம் இவற்றையெல்லாம் கவனிக்கவில்லையா எனின், மெதுவாகக் கவனித்தது. 1921இல் சென்னை அரசு நாட்டு மருத்துவத்தைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைவர் கான்பகதூர் முகம்மது உஸ்மான் சாகிப். பின்னாளில் 1934இல் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக வீற்றிருந்தவர். செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி. ஹகீம்கள், சித்த மருத்துவர்கள், ஆயுர்வேதிகள் ஆகிய முத்திறத்தாரின் சாட்சியங்களையும் திரட்டி 1923இல் அறிக்கை தந்தனர். சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி எழுந்தது அதன் பயன். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் நாட்டு மருந்துகள் வந்தது 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். அவற்றின் தரங்களை வகுக்கும் ஆய்வுக்கூடம் 1970இல் காசியாபாத்தில் நிறுவப்பட்டது. யூனானி மருந்து நூலின் முதல் தொகுதி 1998லும் சித்த மருந்து நூலின் முதல் தொகுதி 2008லும் வெளிவந்தன. ஷெரீபின் பெயர்த் தொகுதியிலிருந்து எண்ணினால் நூற்றுமுப்பத்தொன்பது ஆண்டுகள்! தாமதம் சிறிதன்று. எனினும் இன்று ஓர் இலைக்குப் பெயர், நுண்ணோக்கு அடையாளம், சாம்பல் வரம்பு, நிறப்பிரிகைப் பட்டை ஆகிய நான்கும் ஓரேட்டில் கிடைக்கின்றன. பறிக்கும் ஊருக்கு அவை வந்து சேரவில்லை என்பதே குறை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இலை பறிப்பவர் எடைக்குக் கூலி பெறுகிறார். தரத்துக்குக் கூலி பெறுவதில்லை. சிங்கோனாப் பட்டைக்கு அன்றே கிடைத்த நியாயம் ஆடாதோடைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நம் வீடுகளில் மிகுதியாக வாங்கப்படும் ஓர் இலையைக் கூறி முடிக்கிறோம். ஹதீஸ் நூல்களில் சனா என்று குறிக்கப்படும் இலையைத் தமிழில் நிலாவாரை என்றும் நிலவாகை என்றும் வழங்குவர். அரபு நாட்டிலிருந்து வந்து திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, அவ்வூர்ப் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படுவது அது. அதன் பேதி குணத்துக்குக் காரணமான சென்னோசைடு என்னும் பொருளை 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தனர். நல்ல இலையில் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். அதனோடு நெடுங்காலமாகக் கலக்கப்பட்டு வருவது நம் காட்டோரத்து ஆவாரை இலை. ஆவாரையில் அப்பொருள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் செறிந்த கந்தக அமிலத்தின் ஒரு துளியில் ஆவாரை செந்நிறமாகும், சனா ஆகாது. வீட்டில் அமிலம் வேண்டா. சனாவின் சிற்றிலை ஈட்டி வடிவில் நுனி கூர்ந்து, அடியில் ஒரு பக்கம் சற்றே இறங்கி, வெளிறிய மஞ்சட்பச்சையாக இருக்கும். ஆவாரையின் சிற்றிலை நுனி மழுங்கி, அம்மழுங்கிய நுனியில் ஒரு சிறு முள்முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இலையாக வாங்கினால் உள்ளங்கையில் பரப்பி இவ்வளவையும் பார்த்துவிடலாம். தூளாக வாங்கினால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.